அபாயக் கோடு கரைக்கு மேலே

அவளை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அளவுக்காரி என்றால்தான் தெரியும். பாலத்தின் ஆறாவது தூணில் பெயிண்ட்டால் எழுதியிருக்கும் அடியையும் அங்குலத்தையும் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பார்த்து, பதிவேட்டில் எழுதி, தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டுச் சொல்வதுதான் அவள் வேலை. முப்பத்துமூன்று வருஷமாக அதைத்தான் செய்தாள். காய்ச்சல் வந்தாலும் செய்தாள், அம்மா செத்த அன்றும் செய்தாள்.

"தண்ணி எவ்வளவு இருக்குன்னு பார்த்துச் சொல்றதுக்கு ஒரு சம்பளமா? கண்ணு இருந்தாப் போதுமே" என்று டீக்கடையில் யாராவது வாயைக் கொடுப்பார்கள்.

"கண்ணு உங்களுக்கும்தான் இருக்கு. காலையில ஆறு மணிக்குத் திறக்குதா?" என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விடுவாள்.

அவளுக்கு யாரையும் அவ்வளவாகப் பிடிக்காது. பொறியாளர்களைச் சுத்தமாகப் பிடிக்காது. அதற்குக் காரணம் இருந்தது. ஒரே ஒரு தம்பியை மட்டும் பிடிக்கும். அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபின் அவனைப் படிக்கவைக்க முயன்று, அது ஏறாமல் போக, டைல்ஸ் ஒட்டும் வேலையில் சேர்த்துவிட்டவள் அவள்தான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "சாயங்காலம் ஆறு மணிக்கு அளவு பார்க்கணும்" என்று சொல்லித் தட்டிக் கழித்தாள். மாப்பிள்ளை வீட்டார் அதை ஒரு காரணமாகவே நினைக்கவில்லை. அவள் நினைத்தாள்.

ஆற்றின் கதையைச் சொல்லாமல் அவள் கதையைச் சொல்ல முடியாது. அவள் பிறப்பதற்கு முன்பு ஆற்றுக்குக் கரை கிடையாது. மழைக்காலத்தில் பொங்கும், இரண்டு பக்கமும் பரவும், பத்து நாள் படுத்துக்கிடக்கும், பிறகு எழுந்து போய்விடும். போகும்போது ஒரு விரற்கடை வண்டலைப் போட்டுவிட்டுப் போகும். இப்படி வருஷா வருஷம் போட்டுப் போட்டுத்தான் அக்கம்பக்கத்துப் படுகை நிலம் முழுக்க உண்டானது. அந்த இடத்தில் மனிதன் காலூன்றி நிற்க மண் இருந்தது என்றால் அது ஆறு கொண்டுவந்து கொட்டியது. இது புரியாத மேதாவிகள் சிலர், வரைபடத்தை மேஜையில் விரித்து, இரண்டு பக்கமும் இரண்டு கோடு இழுத்து, "இனிமேல் ஆறு இதற்குள்தான் போக வேண்டும்" என்று முடிவு பண்ணிவிட்டார்கள். கரை எழும்பியது. அடுத்த வருஷமே ஊர் நனையவில்லை. ஊரே பொறியாளர்களைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது.

தண்ணீரைத் தடுத்தார்கள், சரி. அதில் வருகிற மண்ணை எங்கே போகச் சொன்னார்கள்? ஒருவரும் யோசிக்கவில்லை. அது போக இடமில்லாமல் இரண்டு கரைக்கும் நடுவிலேயே படிந்தது. ஆற்றின் அடி கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. அடி மேலே வந்தால் தண்ணீரும் மேலே வரும். உடனே கரையை ஏற்றினார்கள். ஏற்றுவதற்கு மண் வேண்டுமே, அதை எங்கே வெட்டினார்கள் என்று நினைக்கிறீர்கள்? பக்கத்துப் படுகை நிலத்தில். அதாவது, ஏற்கெனவே புது வண்டல் கிடைக்காமல் காய்ந்து அமுங்கிக்கொண்டிருந்த நிலத்தை இன்னும் தோண்டிப் பள்ளமாக்கி, மேலே ஏறிக்கொண்டிருந்த ஆற்றுக்குச் சுவர் வைத்தார்கள். இதைச் செய்ய ஐந்து வருஷப் படிப்பு வேறு.

செயற்பொறியாளர் ஒருவருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் 'மூணடி'. எதைக் கேட்டாலும் "இன்னும் மூணடி ஏத்திடுவோம்" என்பார். கரையில் கசிவா? மூணடி. படிக்கட்டு உடைந்துவிட்டதா? மூணடி. அவருடைய வீட்டுக் கொல்லையில் கோழி தாண்டுகிறது என்றாலும் அதே வைத்தியத்தைத்தான் சொல்லியிருப்பார். அவர் காலத்திலும் அவருக்கு அடுத்து வந்தவர் காலத்திலும் கரை மும்மூன்று அடியாக இரண்டு தடவை உயர்ந்தது.

அளவுக்காரியின் தப்பு இதற்கு நடுவில் நடந்தது. அவளே சொல்வாள், தப்பு என்று. மழுப்ப மாட்டாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்து ஒன்பதாவது வருஷம், கோடைக்காலம். ஆறு காய்ந்து கருவாடாகக் கிடந்தது. தூணில் பூஜ்யம் முதல் ஐந்தடி வரை எழுதியிருந்த எண்கள் மணலுக்குள் புதைந்துவிட்டன. மணல்மட்டம் ஐந்தில் நின்றது. அவள் ஒழுங்காக 'ஐந்து அடி, நீர் இல்லை' என்று சொன்னாள். தலைமை அலுவலகத்தில் போனை எடுத்த ஆள், "ஆத்துல தண்ணி இல்லைங்கறீங்க, அஞ்சடின்னும் சொல்றீங்க. வெயில்ல நின்னு நின்னு மூளை குழம்பிடுச்சா?" என்று சிரித்தான். ஒரு நாள் இல்லை, கோடை முழுக்கச் சிரித்தான். ரோஷக்காரியான அவளுக்கு அது தாங்கவில்லை. உதவிப் பொறியாளரிடம் போய், "சார், பேசாம பூஜ்யத்த அஞ்சடி மேல ஏத்தி எழுதிடலாம். அப்போ காய்ஞ்ச ஆறு பூஜ்யம்னு வரும். யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க" என்றாள்.

உதவிப் பொறியாளருக்கு அது பிரமாதமாகப் பட்டது. மேலே எழுதிப் போட்டார். அனுமதி வந்தது. ஒரு வாளி வெள்ளைப் பெயிண்ட், ஒரு டப்பா கறுப்பு, ஒரு டப்பா சிவப்பு. ஏணியில் நின்று அவளே எண்களை எழுதினாள். கையெழுத்து அழகாக இருக்கும். பதினெட்டாவது அடியில் அபாயக் கோட்டைச் சிவப்பில் இழுத்தாள். பழைய தூணிலும் பதினெட்டுதான் அபாயம், புதிய கணக்கிலும் பதினெட்டுதான் அபாயம். எண் மாறவில்லையே, அதனால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கோடு மட்டும் ஐந்தடி மேலே போய்விட்டது. 'அளவீட்டில் குழப்பத்தைத் தவிர்க்க ஊழியர் அளித்த நல்ல யோசனை' என்று ஒரு பாராட்டுக் கடிதம்கூட வந்தது. அதை அவள் தகரப்பெட்டியில் பத்திரமாக வைத்தாள். தலைகால் புரியாத சந்தோஷம்.

பன்னிரண்டு வருஷம் கழித்து மணல் இன்னும் ஆறடி ஏறியது. இந்தத் தடவை யாரும் அவளைக் கேட்கவே இல்லை. போன தடவை செய்ததுதானே என்று மறுபடியும் ஏணி, மறுபடியும் பெயிண்ட். ஆக மொத்தம் பதினோரு அடி. அதற்குப் பிறகு தலைமை அலுவலகத்தின் வரைபடங்களில் ஆறு பெட்டிப்பாம்பாக அடங்கிப்போனது. முதல் தடவை பெயிண்ட் அடித்ததிலிருந்து கணக்கிட்டால் இருபது வருஷமாக அபாயக் கோட்டையே தொடவில்லை. கரை கட்டியதன் பலன் என்று மேடையில் பேசினார்கள், பதவி உயர்வு வாங்கினார்கள், படம் போட்டுப் புத்தகம் வெளியிட்டார்கள். ஆற்றை அடக்கியது ஒரு வாளி பெயிண்ட் என்று புத்தகத்தில் இல்லை.

அவளுக்கு இது உறைத்தது முழங்கால் வலியால். கரையின் அடிவாரத்தில் இலாகா கொடுத்த ஒற்றை அறை வீடு அவளுடையது. அங்கிருந்து படியேறிக் கரைக்கு வர வேண்டும், கரையிலிருந்து அந்தப் பக்கம் படியிறங்கித் தூணுக்குப் போக வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டியதும் மூட்டு மக்கர் பண்ணியது. மருத்துவர், "ஒரு நாளைக்கு எத்தனை படி ஏறறீங்க?" என்று கேட்டார். அளவு பார்ப்பதே தொழில், ஆனால் அதை மட்டும் அவள் பல வருஷமாக எண்ணவில்லை. அன்று சாயங்காலம் எண்ணினாள்.

வீட்டிலிருந்து கரைக்கு ஏற முப்பத்தேழு படி. கரையிலிருந்து ஆற்று மணலுக்கு இறங்க முப்பத்திரண்டு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏறுவது இருபத்திரண்டு, இறங்குவது நாற்பத்திரண்டு. அது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அப்போது இளம்பெண், தாவித் தாவி எண்ணிக்கொண்டே போவாள். இடையில் கரை உயர்ந்ததற்காக மேலே படிகள் கட்டினார்கள். நிலம் அமுங்கியதற்காக வீட்டுப் பக்கம் கீழே மூன்று படி ஒட்டவைத்தார்கள். ஆற்றுப் பக்கம் கீழ்ப் படிகள் மணலுக்குள் போயின. எல்லாமே அவள் கண் முன்னால் நடந்தவைதான். கூட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை.

மணலில் நின்று தன் வீட்டுக் கூரை இருக்கும் திசையைப் பார்த்தாள். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் நிற்கிற ஆற்றின் அடிமணல் அவள் வீட்டுத் தரையைவிட ஐந்து படி உயரத்தில் இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாதபோதே ஆறு அவள் வீட்டுக்கு மேலே இருந்தது. பிறகு தூணை அண்ணாந்து பார்த்தாள். அவள் கையால் இழுத்த சிவப்புக் கோடு கரையின் உச்சியைவிட இரண்டடி மேலே நின்றது. அபாயக் கோட்டைத் தண்ணீர் தொட வேண்டுமானால், முதலில் கரையைத் தாண்டி, ஊரை முழுக்காட்டிவிட்டு, அப்புறம்தான் வந்து தொட முடியும்.

மறுநாள் உதவிப் பொறியாளரிடம் சொன்னாள். இவர் புதியவர், நல்ல சட்டை போடுவார்.

"அபாயக் கோடு உயரத்துல இருக்கறது நல்லதுதானேம்மா? நமக்கு அவ்வளவு இடைவெளி இருக்குன்னு அர்த்தம்."

"சார், கோடு கரைக்கு மேல இருக்கு."

"அதான் சொல்றேன். பாதுகாப்பா இருக்கு."

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். கிண்டல் செய்கிறாரோ என்று தோன்றியது. இல்லை. மனுஷன் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். 

அதே வருஷம்தான் கரைக்கடியில் மண் வெட்டிப் பள்ளமாகிக் கிடந்த படுகை நிலத்தை மனை போட்டு விற்றார்கள். அழகான வளைவு, இரண்டு பக்கமும் பூச்செடி, ஆற்றின் பெயரில் ஒரு நகர். அவள் அதற்கு வைத்த பெயர் 'கிண்ணம்'. ஒரு பக்கம் ஆற்றுக் கரை, இன்னொரு பக்கம் வாய்க்கால் கரை, பின்னால் மேட்டுச் சாலை. கிண்ணம் என்று சொல்லாமல் என்னவென்று சொல்வது? வாங்க ஆளாய்ப் பறந்தார்கள். முதலில் வாங்கியவர்களில் அவள் தம்பியும் ஒருத்தன்.

"சொல்லாம கொள்ளாம வாங்கிட்டியேடா" என்றாள்.

"சொல்லியிருந்தா நீ விட்டிருப்பியா? ஊரான் வீட்டுக்கெல்லாம் டைல்ஸ் ஒட்டி முட்டி தேஞ்சுபோச்சுக்கா. என் வீட்டுக்கு ஒட்ட வேணாமா?"

 அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் படிகளை எண்ணிக் காட்டினாள். அவன் பொறுமையாகக் கூடவே ஏறினான், இறங்கினான். முடிவில் சிரித்தான்.

"படிய எண்ணியா வீடு கட்டுவாங்க? எஞ்சினியருங்க மெஷின் வச்சு அளந்திருக்காங்க. எனக்கே மட்டம் பார்க்கத் தெரியும். டைல்ஸ் ஒரு நூல் சாஞ்சாக்கூடக் கண்டுபிடிச்சிருவேன்."

"நீ தண்ணி ஊத்தி மட்டம் பார்க்கற அந்த ட்யூபக் கரைக்கு அந்தப் பக்கம் ஒரு முனையும் இந்தப் பக்கம் ஒரு முனையும் போட்டுப் பாரேன்."

"போக்கா, உனக்கு வேற வேலையில்ல."

குளியலறையில் தண்ணீர் தேங்காமல் ஓட வேண்டும் என்று அரை அங்குலச் சரிவுக்கு அரை நாள் மல்லுக்கட்டுகிறவன், ஆறு தன் தலைக்கு மேல் இருக்கிறதா காலுக்குக் கீழ் இருக்கிறதா என்று பார்க்க ஒரு ட்யூபைத் தூக்கி வரவில்லை. அவன் மட்டுமா? கிண்ணத்தில் மனை வாங்கிய நூற்றுச் சொச்சம் பேரில் ஒருவர்கூட ஆற்றுக்குள் இறங்கிப் பார்க்கவில்லை. கரை இருக்கிறதே, அப்புறம் என்ன ஆறு?

கூரை போட்டாயிற்று, தரையும் ஒட்டியாயிற்று. அப்போதுதான் ஒரு சான்றிதழ் வேண்டும் என்றார்கள். 'வெள்ள அபாயமற்ற பகுதி' என்று நீர்வள அலுவலகம் எழுதிக் கொடுக்காவிட்டால் மின்சாரம் கிடையாது, குடிநீர் கிடையாது. சான்றிதழுக்குக் கடந்த முப்பது வருஷத்தின் உச்ச அளவுகளை அட்டவணையாகப் போட்டு, அளவு பார்த்தவரே கையெழுத்திட வேண்டும். அந்தக் காகிதம் அவள் முன்னால் வந்தது.

முப்பது எண்களும் அவள் எழுதியவை. ஒன்றிலும் பொய் இல்லை. வரிசையாகப் படித்தால் மட்டும் முழுப் பொய். முதல் எட்டு எண்கள் பழைய பூஜ்யத்திலிருந்து, அடுத்த பன்னிரண்டு ஐந்தடி ஏற்றிய பூஜ்யத்திலிருந்து, மீதி பதினோரு அடி ஏற்றியதிலிருந்து. மூன்று வேறு அளவுகோல்களில் அளந்த துணியை ஒன்றாகத் தைத்ததுபோல் இருந்தது.

"சார், பூஜ்யம் ரெண்டு தடவை மாறியிருக்கு. அத இதுல எழுதணும்."

"எங்க எழுதுவீங்க? குறிப்புன்னு ஒரு கட்டமே இல்லையே இதுல" என்றார் நல்ல சட்டைக்காரர். காகிதத்தைத் திருப்பிக்கூடக் காட்டினார். பின்பக்கம் காலி. "அளவு நீங்க எடுத்ததுதானே? தப்பா எடுத்தீங்களா?"

"தப்பா எடுக்கல."

"அப்புறம் என்னம்மா யோசனை?"

அவள் காகிதத்தை வீட்டுக்கு எடுத்து வந்தாள். இரண்டு நாள் கையெழுத்திடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் தம்பியும் அவன் மனைவியும் வந்தார்கள். அவன் மனைவி எதையும் முகத்துக்கு நேராகக் கேட்கிறவள்.

"அக்கா, எங்க ரெண்டு பொண்ணுங்களும் வாடகை வீட்டுல ஒரே அறையில படுத்து எழுந்துக்கறதப் பார்த்துட்டுத்தானே இருக்கீங்க. நூறு குடும்பம் உங்க ஒரு கையெழுத்துக்குக் காத்துட்டு இருக்கு. உங்களுக்கு என்ன கோபம் எங்க மேல?"

"கோபமா? நீங்க அங்க போய்க் குடியிருக்கக் கூடாதுன்னுதான் இப்படி உட்கார்ந்திருக்கேன்."

"இருபது வருஷமா அபாயக் கோட்டத் தொடல. நீங்களே எழுதியிருக்கீங்க."

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பத்து வயதில் அப்பா போன அன்று இதே மாதிரிதான் நின்றான். அவளுக்கு அது போதும். ஊரையே எடுத்தெறிந்து பேசுகிறவள், பொறியாளர்களை முட்டாள் என்று வாய்கூசாமல் திட்டுகிறவள், தம்பியின் குனிந்த தலைக்கு முன்னால் உருகிப்போனாள். பேனாவை எடுத்தாள். கையெழுத்திட்டாள். இத்தனை பேரை இளக்காரமாகப் பார்த்தவள், அந்த மத்தியானத்தில் அவர்களைவிட ஒரு படி கீழே இறங்கினாள். அவர்களுக்காவது தெரியாது. அவளுக்குத் தெரியும்.

இரண்டு மழைக்காலம் சும்மா போயின. தம்பி பெண்டாட்டி, "பார்த்தீங்களா அக்கா?" என்று வார்த்தைக்கு வார்த்தை குத்தினாள். மூன்றாவது வருஷம் ஆற்றின் மேல்பகுதியில் நான்கு நாள் விடாமல் மழை. கிண்ணத்தில் வெயில் பளீரென்று அடித்தது, துணி காயப்போட்டார்கள். தூணில் தண்ணீர் பதினான்கரை அடி. கரையின் உச்சிக்கு இன்னும் ஒன்றரை அடிதான் பாக்கி. அவள் போனில் சொன்னபோது அந்தப் பக்கத்திலிருந்து, "பதினெட்டுக்கு இன்னும் மூணரை இருக்குல்ல? நல்லது" என்று பதில் வந்தது.

வெளியே வந்தால், தம்பி வீட்டுக் கொல்லையில் கூட்டம். என்னவோ ஏதோ என்று ஓடினாள். கொல்லைத் தரையில் தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. புது ஊற்று கண்டுபிடித்த சந்தோஷத்தில் சனங்கள் வாளியும் குடமுமாக வரிசையில் நின்றார்கள். ஒருவர் மோந்து குடித்து, "மினரல் வாட்டர் கெட்டது போ" என்று சான்றிதழ் வேறு கொடுத்தார். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு குனிந்தாள். ஊற்றைச் சுற்றி மெல்லிய மணல் எறும்புப்புற்று மாதிரி குவிந்திருந்தது. தண்ணீர் கலங்கலாக வந்தது. கரைக்கு அடியில் புகுந்து, கரையின் வயிற்று மணலையே அரித்துக்கொண்டு ஆறு இங்கே வெளியே வருகிறது.

"ஓடுங்க! எல்லாரும் மேட்டு ரோட்டுக்கு ஓடுங்க! இது ஊத்து இல்ல, ஆறு!"

சிலர் சிரித்தார்கள். ஊருக்கே தெரிந்த வாய்த்துடுக்குக்காரி. அவளுக்கு நல்லது எதுவும் கண்ணில் படாது என்று ஒருத்தி சொன்னாள். தம்பி மட்டும் குனிந்து அந்த மணலைத் தொட்டுப் பார்த்தான். டைல்ஸ் போடுகிறவனுக்குத் தரைக்கு அடியில் மண் போனால் என்ன ஆகும் என்று தெரியும். முகம் வெளுத்துப்போய்ப் பெண்டாட்டியையும் பெண்களையும் இழுத்துக்கொண்டு ஓடினான். அவன் ஓடியதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் ஓடினார்கள். வாளியை எடுத்துக்கொண்டு ஓடியவர்களும் உண்டு. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கரை மேலிருந்து உடையவில்லை, கீழே உட்கார்ந்தது. பிறகு ஆறு உள்ளே வந்தது. உயிர்ச்சேதம் இல்லாததற்கு அது பகலாக இருந்ததுதான் காரணம். இலாகா காரணமில்லை.

மூன்றே நாளில் ஆறு வடிந்து மணல் தெரிந்தது. கிண்ணத்தில் மட்டும் இடுப்பளவுத் தண்ணீர் அப்படியே நின்றது. எங்கே போகும்? ஆற்றின் அடியே வீட்டுத் தரையைவிட உயரம். வெள்ளம் வராமல் இருக்கக் கட்டிய கரைதான் இப்போது வந்த வெள்ளத்தைப் போகவிடாமல் காத்து நின்றது. நாற்பது நாள் மோட்டார் வைத்து இறைத்தார்கள். கடைசியில் வாய்க்கால் கரையை ஜே.சி.பி.யால் இலாகாக்காரர்களே வெட்டினார்கள். மூணடி மூணடியாக ஏற்றிய இனம் கரையை வெட்டியதைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

தண்ணீர் வடிந்த வீட்டுக்குள் தொடை உயரத்துக்கு வண்டல். ஐம்பது வருஷம் கரைக்கு அந்தப் பக்கம் நின்றது ஒரே மூச்சில் வந்து உட்கார்ந்திருந்தது. தம்பி பார்த்துப் பார்த்து ஒட்டிய தரை எங்கோ அடியில். சுவர் விரிசல் விட்டுச் சாய்ந்திருந்தது. குடியிருக்க லாயக்கில்லை என்று ஒரு ஆள் வந்து சிவப்புப் பெயிண்ட்டால் குறுக்கே கோடு போட்டுவிட்டுப் போனான்.

அளவுக்காரியின் ஒற்றை அறையும் போயிற்று. கரைமேல் இருந்த இலாகாவின் சாமான் கிடங்கில், மண்வெட்டிகளுக்கும் சிமெண்ட் சாக்குகளுக்கும் நடுவில், அவளும் தம்பி குடும்பமும் ஐந்து பேராகப் படுத்து எழுந்தார்கள். தம்பி பெண்டாட்டி ஒரு நாள்கூட அவளைக் குத்தவில்லை. பேசவே இல்லை.

வீடு இழந்தவர்களுக்கு மேட்டு நிலத்தில் மாற்று மனை கொடுப்பதாகச் சட்டம் இருந்தது. நூறு குடும்பமும் எழுதிப் போட்டது. எழுதிப் போட்ட ஐந்தாவது வாரம் பதில் வந்தது. தம்பி அதைப் படித்துவிட்டு, அக்கா சாக்கின்மேல் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து நீட்டினான்.

'குறிப்பிட்ட நாளில் ஆற்றின் உச்ச அளவு பதினான்கு அடி ஆறு அங்குலம். அபாய அளவான பதினெட்டு அடியை எட்டவில்லை. ஆகவே அன்று வெள்ளம் ஏற்பட்டதாகக் கருத இயலாது. ஏற்பட்டது நீர்த் தேக்கம் மட்டுமே. நீர்த் தேக்கத்துக்கு மாற்று மனை வழங்க விதியில்லை.' இணைப்பாக அவளுடைய அட்டவணை. அடியில் அவளுடைய கையெழுத்து, நன்றாகத் தெளிவாக.

"நீ போட்டதுதானேக்கா?" என்றான் தம்பி.

"ஆமா."

"அப்போ நம்ம வீட்டுல வெள்ளம் வரல. அப்படித்தானே?"

அவள் எழுந்து நேராக அலுவலகத்துக்குப் போனாள். நல்ல சட்டைக்காரரிடம், பூஜ்யத்தை நகர்த்தியதை, முதலில் நகர்த்தச் சொன்னதே தான் என்பதை, தெரிந்தே கையெழுத்திட்டதை, எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். தன்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போனாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, ரொம்பக் கனிவாகப் பேசினார்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. எதுக்கு மனசப் போட்டுக் குழப்பிக்கறீங்க? வெள்ளமே வரலைன்னு ஆயிடுச்சு. இன்னும் நாலு வருஷம், நிம்மதியா ஓய்வு வாங்கிட்டுப் போங்க. நாம எல்லாருமே தப்பிச்சோம். புதுசா மூணடி ஏத்த அனுமதியும் வந்தாச்சு."

"மண்ணு எங்க வெட்டுவீங்க?"

"அதான் கீழ காலியா கெடக்குதே, அந்த நகர்ல."

 அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். இவர்களைத் திட்டியே முப்பத்துமூன்று வருஷம் போயிற்று, அதனால் ஒரு செங்கல் நகரவில்லை.

கிடங்குக்கு வந்து பதிவேட்டிலிருந்து நாலு தாள் கிழித்தாள். மடியில் பலகையை வைத்துக்கொண்டு எழுதினாள். எந்த வருஷம் எத்தனை அடி பூஜ்யம் ஏறியது, பழைய கணக்கில் முப்பது வருஷ உச்சம் எது எது, கரைக்கு மேலே அபாயக் கோடு நிற்பது, ஏறும் படி எத்தனை, இறங்கும் படி எத்தனை. அன்று ஆற்றின் உண்மையான அளவு இருபத்தைந்து அடி ஆறு அங்குலம் என்றும், அது வெள்ளம்தான் என்றும், அட்டவணை பொய் என்று தெரிந்தே கையெழுத்திட்டேன் என்றும் எழுதினாள். வேலை போகும், ஓய்வூதியம் போகும், ஒருவேளை வழக்கும் வரும். எல்லாம் தெரிந்துதான் அடியில் கையெழுத்திட்டாள். நீதிமன்றத்துக்கு ஒன்று, பத்திரிகைக்கு ஒன்று, நூறு குடும்பத்துக்குமாக ஒன்று என்று படி எடுக்கச் சொல்லித் தம்பியிடம் கொடுத்தாள்.

அவன் கிடங்கு வாசலில் வெளிச்சத்தில் நின்று ஒரு வரி விடாமல் படித்தான். பெண்டாட்டி பக்கத்தில் வந்து நின்று அவளும் படித்தாள். படித்து முடித்ததும் அவன் தாள்களை ஒழுங்காக அடுக்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்தான். 

"இத அன்னிக்கே எழுதியிருக்கலாமேக்கா" என்றான்.